வெள்ளைக் கப்பலின் கீழ்த்தட்டு

ஆஸ்பத்திரிக் கப்பலைத் தாக்கக் கூடாது என்று உலகத்து நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து சட்டம் போட்டிருக்கின்றனவாம். என் மகள் போனில் படித்துக் காட்டினாள். கப்பலுக்கு முழுக்க வெள்ளை அடிக்க வேண்டும். இடுப்பைச் சுற்றிப் பச்சைப் பட்டை. இரண்டு பக்கமும் பெரிய பெரிய சிவப்புச் சிலுவை. மற்ற கப்பல்களெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பதுங்கிப் போகிற போர்க்காலத்தில் இது மட்டும் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு கல்யாண மண்டபம் மாதிரி போக வேண்டும். அப்போதுதான் அடிபட்டவர்களை ஏற்றிய கப்பல் என்று எதிரிக்குத் தெரியுமாம். விட்டுவிடுவானாம்.

"ஆமாம், விட்டுக் கிழிச்சான்" என்றேன். மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே படித்தாள்.

இரண்டு உலகப் போரிலும் இப்படிப்பட்ட கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன. எந்தப் பக்கத்துக்காரனும் யோக்கியன் இல்லை. ஒருவன் தண்ணீருக்கு அடியிலிருந்து அடித்தான், இன்னொருவன் விமானத்திலிருந்து குண்டு போட்டான். கேட்டால் தெரியாமல் நடந்துவிட்டது என்பார்கள். இல்லாவிட்டால், அதில் ரகசியமாக ஆயுதம் போனது என்பார்கள். அத்தனை விளக்குப் போட்ட கப்பல் தெரியவில்லையாம். எனக்கு வாயில் நன்றாக வந்துவிடும். இப்போதும் டிவியைப் போட்டால் ஏதோ ஒரு தேசத்தில் ஒரு ஆஸ்பத்திரி இடிந்து கிடக்கிறது, ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து வருத்தம் தெரிவிக்கிறார். நான் சேனலை மாற்றிவிடுவேன்.

அந்தக் கப்பல்களில் ஒன்றில் என் மாமனார் இருந்தார். எது என்று தெரியாது. அவருக்கு ஆங்கில எழுத்து படிக்க வராது. கடைசிவரை "வெள்ளக் கப்பலு" என்றுதான் சொன்னார். மகள் பட்டியல் பட்டியலாகத் தேடி, இதுவாக இருக்குமா அதுவாக இருக்குமா என்று கேட்கிறாள். எதுவாக இருந்தால் எனக்கென்ன? அந்தக் கப்பலில் ஒரே ஒரு தட்டுதான் எனக்குத் தெரியும். அது நெய்வேலிவரை வந்து என் வீட்டுக்காரரின் வலது காலை வாங்கிக்கொண்டு போனது.

மாமனாருக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு காலனி. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவன் வயலில் இறங்கிப் பிழைத்த குடும்பம். போர்க்காலத்தில் சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள், மூன்று வேளைச் சோறு, பூட்ஸ், சட்டை எல்லாம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் கையில் யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை. துடைப்பமும் மலச்சட்டியும் கொடுத்துக் கப்பலில் வார்டு வேலைக்குப் போட்டார்கள். போர் முடிந்து திரும்பி வந்து, விட்டுப்போன அதே வயலில் இறங்கி நாற்று பறித்தார். இதெல்லாம் கல்யாணப் பேச்சிலேயே எனக்குச் சொல்லப்பட்டது. மாப்பிள்ளையின் அப்பா கப்பலில் இருந்தவர் என்பது அவர்களுக்கு ஒரு பெருமை. அது மூழ்கிய கப்பல் என்பதையும் பெருமையோடுதான் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் நெய்வேலி நிலக்கரி மைன்சில் காண்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனன்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கியிருந்தார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் மாமனார் எங்களோடுதான் இருந்தார். நான் பக்கத்து பிளாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தால் வீட்டில் இவர் ஒரு தனிப் பஞ்சாயத்து.

பஞ்சாயத்து என்றால் ஆட்டுப் பஞ்சாயத்து. எங்கள் பிளாக்கில் கம்பெனிக்குத் தெரிந்தும் தெரியாமலும் பாதிப் பேர் ஆடு, மாடு வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆனால் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே ஆடு கட்டியிருந்தாலும் அவிழ்த்துவிடுவார். கன்றுக்குட்டி, கோழிக்காலில் கட்டிய கயிறு, எதையும் விடமாட்டார். ஆடுகள் நேரே போய் யார் வீட்டுக் கீரைப்பாத்தியையாவது மேய்ந்துவிடும். மறுநாள் காலையில் நான் கோலம் போடும்போது சண்டைக்கு வந்து நிற்பார்கள்.

"டீச்சர், ஒங்க மாமனாருக்கு இன்னாதான் பிரச்சினை?" என்று எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "எங்க ஆடு அவுரு சோத்துலயா வாய வெச்சிது?"

எனக்கு மானம் போனது. உள்ளே வந்து, "மாமா, ஒங்களுக்குப் புண்ணியமா போவும், அந்தக் கயித்துல கைய வெக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "கட்டிப்போட்டா அதுங்க எப்பிடிம்மா ஓடும்?" என்றார். "எதுக்கு ஓடணும்? இங்க புலியா வருது?" என்று கேட்டேன். கிழவருக்கு மறை கழன்றுவிட்டது என்று நானும் பிளாக்கோடு சேர்ந்து நினைத்துக்கொண்டேன்.

ஒரு மழைநாள். பகல் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை ரோட்டில் ஒரு லாரி தட்டிவிட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். முட்டிக்குக் கீழே கம்பி ஒன்றைக் குறுக்கே செருகி, அதில் கயிறு கட்டி, கட்டில் ஓரத்துக் கப்பி வழியாகக் கனம் தொங்கவிட்டிருக்கிறோம், அந்த இழுப்பில்தான் எலும்பு நேராக நிற்கும், உள்ளே பெரிய ரத்தக்குழாய் எலும்பு முனைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, கால் அசையக் கூடாது, அசையாமல் கிடந்தால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். அசையக் கூடாது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அது கால் ஒடிந்தவர்களின் வார்டு. வரிசையாகக் கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கால் மேலே தூக்கிக் கட்டியிருக்கும், கனம் தொங்கும். மறுநாள் மத்தியானம் மாமனார் வந்தார். ஊரிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் அவரோடு வந்தார்கள். வாசலிலேயே நின்று வார்டை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு மகனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகனைப் பார்த்து அதிர்ந்துபோயிருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆனது. வார்டில் விளக்குப் போட்டார்கள். "மாமா, பாத்துக்கினு இருங்க, ரசஞ்சோறு கரைச்சி எடுத்தாந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கட்டில் காலி. கயிறு மட்டும் கப்பியில் தொங்குகிறது, கனம் தரையில் கிடக்கிறது. பார்வையாளர் நேரக் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார்: "பெட்ஷீட்டோட சேத்து மூணு பேரா தூக்கிக்கினு போயிட்டாங்கம்மா. அந்தப் பெரியவருதான் கயித்த அவுத்தாரு. இவுரு கத்தினாரு. நாங்களும் கத்தினோம். யாரு கேட்டாங்க?" என் கையிலிருந்த தூக்குவாளியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

வாசலில் காய்கறி இறக்கிவிட்டு நின்ற டெம்போ ஒன்றில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெளியே வந்ததும் எங்கே போவது என்று மாமனாருக்குத் தெரியவில்லை. கூட வந்தவர்கள்தான், சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு எலும்பு வைத்தியர் இருக்கிறார், பச்சிலை வைத்து மூங்கில் கட்டுப் போடுவார் என்று சொல்லி அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். வழி முழுக்கக் குண்டும் குழியும். அந்த வைத்தியர் பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்த உடனேயே, நான் தொடமாட்டேன், வந்த வழியே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்த நேரத்தில் வேறு வண்டி கிடைத்துத் திரும்பி வருவதற்குள் விடிந்துவிட்டது. நான் வார்டு வாசலில் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொடையோடு எடுத்தார்கள்.

பிளாக் முழுக்க ஒரே பேச்சுதான். நாட்டுப்புறத்தான் புத்தி, இங்கிலீஷ் வைத்தியத்தை நம்பாமல் கட்டுப் போடத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளை காலைக் கெடுத்துவிட்டான். எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படித் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காலத்தில் சகஜம். அதனால் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் அதைத்தான் நம்பினேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வாகை மரத்தடியில் மாமனார் குந்தியிருந்தார். நான் நேரே போனேன். மருமகள் மாமனாரிடம் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினேன். "பெத்த புள்ளைக்கி எமனா வந்து நின்னீங்களே! கட்டு போடணுமா கட்டு? ஒங்க தலையில போடுங்க! கப்பல்ல ஆஸ்பத்திரி வேலை பாத்தேன்னு பீத்திக்கினு இருந்தீங்களே, கால ஆட்டக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாது?" என்று கத்தினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மேலும் கத்தினேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர், "தெரியும்மா" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கப்பலின் கீழ்த்தட்டில் கால் ஒடிந்தவர்களுக்கு என்றே ஒரு வார்டு. இதே மாதிரிதான். கால் மேலே, கயிறு, கப்பி, கனம். வெள்ளைக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள், பிடிபட்ட எதிரி ஆட்கள்கூட அதே வரிசையில் கிடந்தார்களாம். பொழுது சாய்ந்து விளக்கெல்லாம் போட்ட கொஞ்ச நேரத்தில் அடி விழுந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. நடக்க முடிந்தவர்கள் படியேறி ஓடினார்கள். கட்டிக் கிடந்தவர்கள் கிடந்தார்கள். இவர் கையில் கத்தி இல்லை, கத்தரிக்கோல் இல்லை. பல்லாலும் நகத்தாலும் முடிச்சை அவிழ்த்திருக்கிறார். தண்ணீரில் ஊறினால் முடிச்சு இறுகிவிடும். சில பேரை அவிழ்த்துப் படிவரை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிட்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மிச்சம் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"யார் பாஷையும் எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா எல்லாரும் 'பாய், பாய்'னுதான் கூப்புட்டாங்க. வார்டு பாயின்னு கூப்புடறாமாரி. நான் மேல ஏறிட்டேன்."



"அன்னிக்கி சாயங்காலம் லைட்டப் போட்டாங்க பாரு" என்றார். "ஒம் புருஷங்கால தூக்கிக் கட்டி வெச்சிருந்தாங்க. அடுத்த கட்டுலு, அதுக்கடுத்த கட்டுலு, எல்லாம் அப்பிடியே. எனக்கு அது நெய்வேலியாவே தெரிலம்மா. அவன வெளிய எடுத்தா போதும்னு இருந்திச்சி. எங்க போறதுன்னுகூட நெனக்கல."

"இத அவுருகிட்ட சொல்லுங்க மாமா."

"வாணாம். நீயும் சொல்லக் கூடாது. கட்டு போடத் தூக்கிக்கினு போன முட்டாள்னு நெனச்சிக்கினு இருக்கட்டும். அதுக்குன்னா என்னத் திட்டலாம். இதுக்கு அவன் இன்னா பண்ணுவான்?"

கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரரும் குறை வைக்காமல் திட்டினார். செயற்கைக் கால் வந்தது. மைன்சுக்குள் இறங்க முடியாது என்று ஆபீசில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். மெஷினோடு மெஷினாக நின்றவருக்குப் பேப்பர் நகர்த்துகிற வேலையில் ஒரு நாள்கூட மனம் ஒட்டவில்லை. அந்தக் கோபம் முழுக்கப் பெரியவர் தலையில்தான் இறங்கியது. அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வைத்தியரே, டீ குடிச்சாச்சா?" என்பார். "வைத்தியரே, இந்தக் காலுக்கு எண்ணெ போடலாமா, பாத்து சொல்லுங்க" என்று கட்டைக்காலைத் தூக்கி அவர் முன்னால் நீட்டுவார். விருந்தாளி இருந்தாலும் விடமாட்டார். மாமனார் தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உண்மையைச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு துடிக்கும். சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே. ஒரே கூரைக்கு அடியில் வருஷக்கணக்காக இப்படிப் போனது. எங்கள் மகள் பிறந்து வளர்ந்து, தாத்தாவின் பெயரே வைத்தியர் என்று நினைக்கிற அளவுக்குப் போனது.

எண்பதைத் தொட்ட வயதில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. இதயம் தாங்காது, ஆபரேஷன் முடியாது, அதிக நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலி தெரியாமல் இருக்கக் காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கனம் தொங்கவிட்டார்கள். இந்தத் தடவை கட்டிலில் கிடந்தவர் அவர்.

முதல் நாள் சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஆரம்பித்தது. "தண்ணி ஏறுது, அவுத்து வுடு, தண்ணி ஏறுது" என்று வார்டே அதிரக் கத்தினார். ஊசி போட்டால் கொஞ்சம் ஓயும். மறுபடி கத்துவார். மறுநாளும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "வைத்தியருக்கு இங்கிலீஷ் வைத்தியம் ஒத்துக்கல போல" என்றார்.

அவ்வளவுதான். சத்தியமாவது மண்ணாவது! "வாய மூடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லாத வார்த்தை அது. அந்த வராந்தாவிலேயே, கீழ்த்தட்டிலிருந்து வாகை மரத்தடிவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் ஒரு தடவை, "இத்தினி நாளா ஒனக்குத் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து நர்சிடம் போனார். நர்சு டாக்டரைக் கூப்பிட்டாள். அந்தச் சின்ன வயது டாக்டரம்மா மாமனாரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "அவுத்துடுங்க, அதனால இனிமே பெரிய மாத்தம் ஒண்ணும் இருக்கப்போறதில்ல" என்றாள்.

நர்சு கை வைக்கப் போனபோது, "இரும்மா" என்று தடுத்துவிட்டு என் வீட்டுக்காரரே அவிழ்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கனத்தை மடியில் வாங்கிக்கொண்டு, முடிச்சை எடுத்தார். "அவுத்தாச்சிப்பா" என்றார். அத்தனை வருஷம் கழித்து அப்பா என்று அன்றுதான் கூப்பிட்டார். கேட்க வேண்டிய மனிதருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கத்தல் நின்றது. அமைதியாகிவிடுவார் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம். மெல்லத் தலையைத் திருப்பினார். பக்கத்துக் கட்டிலில் மைன்சில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஒரு ஆள், முப்பது வயது இருக்கும், காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தார். மாமனார் அந்தக் காலைப் பார்த்தார். முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்த ஆளிடம், "இரு, இதோ வந்துடறேன்" என்றார். அதற்கு அடுத்த கட்டிலைப் பார்த்து, "இதோ வந்துடறேன்" என்றார். அதற்கும் அடுத்ததைப் பார்த்து அதையே சொன்னார். அதட்டலாக இல்லை. குழந்தைக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொன்னார். கப்பலில் மேலே ஏறும்போது மிச்சம் இருந்தவர்களிடம் என்ன சொல்லிவிட்டு ஏறினார் என்பதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, "சரிங்க ஐயா, நான் இருக்கேன்" என்றார். மாமனார் குரல் தேய்ந்து, உதடு மட்டும் அசைகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். குளிக்கப் போவதற்காக என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து கட்டைக்காலின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் துண்டோடு நின்றேன்.

"எங் கால்கயித்த அவுத்த அன்னிக்கி 'வந்துடறேன்'னு சொல்லல, வேற சொன்னாரு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இன்னா சொன்னாரு?"

"'வந்துட்டேன்'னாரு. 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு அழுதுக்கினே கயித்த அவுத்தாரு. மத்தியானத்துலேர்ந்து எம் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கினு இருந்த மனுசன். எங்கேர்ந்து வந்தாருன்னு இத்தினி வருசமா எனக்குப் புரியவே இல்ல."

கட்டைக்காலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் காலை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.